குறி தெரிந்த பிறகு



புற்றுநோய் செல்லை மட்டும் தேடிப்போய்ச் சுடும் தோட்டாவைப் பற்றி நான் பேசப்போவதாகக் கூட்டத் தலைவர் அறிமுகத்தில் சொன்னார். இது பழைய ஆசை. உடம்புக்குக் கேடு செய்யாமல் நோயை மட்டும் தாக்கும் மருந்து வேண்டும் என்று ஜெர்மானியர் பால் எர்லிக் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கனவு கண்டார். 2001 மே மாதம் அமெரிக்காவின் டைம் இதழ், மாத்திரைகளைத் தோட்டாக்கள் என்று சொல்லியே அட்டைப்படம் போட்டது. அந்த மாத்திரையின் பெயர் இமாட்டினிப். கடையில் அதற்குக் கிளிவெக் என்று பெயர். இன்று முழுக்க அந்த ஒரு மருந்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பத்து மருந்தைத் தொட்டுத் தொட்டுப் பேசுவதைவிட ஒன்றை அடிவரை பார்ப்பது மேல்.

தோட்டாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் தோட்டா செய்தவரைப் புகழ்கிறார்கள். குறி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தவர்களை யாரும் கேட்பதில்லை. நான் வேதியியல்காரன், மருந்து செய்கிறவர்களின் கட்சி. ஆனாலும் சொல்கிறேன்: இந்தக் கதையில் கடினமான பாதி மருந்து செய்தது அல்ல.

முதலில் நோய். நாட்பட்ட மைலாய்டு லுகேமியா என்பது ஒரு வகை இரத்தப் புற்றுநோய். மருத்துவமனைகளில் சி.எம்.எல். என்பார்கள். எலும்பு மஜ்ஜை அளவில்லாமல் வெள்ளையணுக்களை உற்பத்தி செய்கிறது. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை இருக்கவேண்டியது லட்சத்தைத் தாண்டிவிடும். மண்ணீரல் வீங்கி இடது விலாவுக்குக் கீழே கையில் தட்டுப்படும். நோயாளிக்குச் சோர்வு இருக்கும். ஒன்றும் தெரியாமலேகூட இருக்கும். வேறு ஏதோ காரணத்துக்காக இரத்தப் பரிசோதனை செய்யும்போது அகப்படுகிறவர்கள் நிறையப் பேர். முன்பெல்லாம் மூன்று முதல் ஐந்து ஆண்டு இப்படி மெல்லப் போகும். பிறகு ஒருநாள் தீவிர நிலைக்குத் திரும்பும். அதன்பின் மாதக் கணக்குத்தான். பழைய மருந்துகளான பூசல்ஃபானும் ஹைட்ராக்சியூரியாவும் எண்ணிக்கையைக் குறைத்தனவே தவிர நோயின் போக்கை மாற்றவில்லை. இன்டர்ஃபெரான் ஊசி சிலருக்குப் பலன் தந்தது. காய்ச்சலும் மனச்சோர்வும் பலருக்குத் தந்தது. பொருத்தமான உடன்பிறப்பும் இளம் வயதும் பணமும் இருந்தவர்களுக்கு மஜ்ஜை மாற்று.

இந்த நோயின் குறி முதன்முதலில் கண்ணில் பட்டது 1960இல், பிலடெல்பியாவில். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பீட்டர் நோவல் என்ற நோயியல் அறிஞர் லுகேமியா செல்களைக் கண்ணாடித் தகட்டில் வளர்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை அவற்றைக் குழாய்த் தண்ணீரில் கழுவினார். சாதாரணத் தண்ணீரில் உப்பு குறைவு. செல்கள் நீரை உறிஞ்சி உப்பின. உள்ளே சுருண்டு ஒன்றன்மேல் ஒன்று கிடந்த குரோமோசோம்கள் விலகிப் பரவின. நோவலுக்குக் குரோமோசோம் பற்றி அதிகம் தெரியாது. அதே ஊரின் புற்றுநோய் ஆய்வு நிலையத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த டேவிட் ஹங்கர்ஃபோர்டுக்குத் தெரியும். இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். சி.எம்.எல். நோயாளிகளின் செல்களில் ஒரு குரோமோசோம் வழக்கத்துக்கு மாறாகக் குட்டையாக இருந்தது. ஒருவருக்கு அல்ல, பார்த்த ஒவ்வொருவருக்கும். ஊரின் பெயரால் அது பிலடெல்பியா குரோமோசோம் ஆயிற்று.

ஒரு புற்றுநோய்க்கும் ஒரு குறிப்பிட்ட மரபுப் பிழைக்கும் தொடர்பு உண்டு என்று அதற்கு முன் யாரும் இப்படிக் காட்டியதில்லை. இதனால் என்ன பயன் என்று அன்று கேட்டிருந்தால் அவர்களால் பதில் சொல்லியிருக்க முடியாது. அந்தக் குட்டைக் குரோமோசோம் நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா என்றுகூடத் தெரியாது. விட்டுப்போன துண்டு தொலைந்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள்.

தொலையவில்லை என்று காட்டியவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜேனட் ரௌலி. நான்கு பிள்ளைகளின் தாய். பல ஆண்டுகள் பகுதிநேரமாகவே வேலை பார்த்தவர். குரோமோசோம்களில் வரிவரியாகப் பட்டைகள் தெரியும்படி சாயமேற்றும் புது முறையை இங்கிலாந்தில் கற்றுவந்தார். நுண்ணோக்கிப் படங்களை வீட்டுக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு குரோமோசோமையும் கத்தரித்து, சாப்பாட்டு மேசையில் பரப்பி ஜோடி சேர்த்துப் பார்த்தார். அம்மா காகிதப் பொம்மை விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். 22ஆம் குரோமோசோம் எவ்வளவு குறைந்திருந்ததோ, 9ஆம் குரோமோசோம் ஏறக்குறைய அவ்வளவு நீண்டிருந்தது. இரண்டும் துண்டுகளை மாற்றிக்கொண்டிருந்தன. இது வெளியானது 1973இல்.

அடுத்த பத்தாண்டில் மூலக்கூறு உயிரியல் கைகொடுத்தது. எலிக்கு லுகேமியா உண்டாக்கும் ஏபல்சன் வைரஸை ஆராய்ந்தவர்கள் அதில் ஏபிஎல் என்ற மரபணுவைக் கண்டிருந்தார்கள். மனிதரில் அதே மரபணு 9ஆம் குரோமோசோமில் இருக்கிறது. துண்டு மாறும்போது அது 22இல் உள்ள பிசிஆர் என்ற மரபணுவோடு ஒட்டிக்கொள்கிறது என்று நோரா ஹைஸ்டர்காம்ப், ஜான் கிரோஃபன், கெராட் குரோஸ்ஃபெல்ட் முதலானோர் 1980களின் முற்பாதியில் கண்டார்கள். இரண்டும் சேர்ந்து, இயல்பான செல்லில் இல்லாத ஒரு புதுப் புரதம் பிறக்கிறது: பிசிஆர்–ஏபிஎல்.

இந்தப் புரதம் என்ன செய்கிறது? ஏபிஎல் ஒரு டைரோசின் கைனேஸ். ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டைப் பிய்த்து எடுத்து, மற்ற புரதங்களின் டைரோசின் என்ற இடத்தில் ஒட்டவைக்கும். ஒட்டினால் அந்தப் புரதம் விழித்துக்கொண்டு, 'பெருகு' என்ற கட்டளையை அடுத்த புரதத்துக்குக் கடத்தும். இயல்பான ஏபிஎல் வேண்டும்போது திறந்து, வேண்டாதபோது மூடும். பிசிஆரோடு ஒட்டியது, திருகு கழன்று திறந்தபடியே மாட்டிக்கொண்ட குழாய். கட்டளை ஓயாது ஒழுகிக்கொண்டே இருக்கிறது. 1990இல் டேவிட் பால்டிமோர் ஆய்வகத்தில் ஜார்ஜ் டேலி முதலானோர் இந்த ஒட்டு மரபணுவை மட்டும் எலியின் மஜ்ஜைச் செல்களில் புகுத்தினார்கள். எலிக்கு சி.எம்.எல். போன்ற நோய் வந்தது. விளைவா காரணமா என்ற முப்பது ஆண்டுக் கேள்விக்கு அன்றுதான் பதில் கிடைத்தது: காரணம்.

1960 முதல் 1990 வரை. இந்த முப்பது ஆண்டில் நான் சொன்ன பெயர்களில் பெரும்பாலோர் மருந்து நிறுவனத்தின் ஆட்கள் அல்ல. பல்கலைக்கழகங்களும் பொது ஆய்வு நிலையங்களும், பெரும்பாலும் மக்கள் வரிப்பணமும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இப்போது என் கட்சிக்காரர்களிடம் வருகிறேன். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா–கைகி என்ற நிறுவனம். அங்கே அலெக்ஸ் மாட்டர், நிக்கலஸ் லைடன் இருவரும் கைனேஸ்களைத் தடுக்கும் மருந்து தேடும் திட்டத்தை 1980களின் நடுவில் தொடங்கினார்கள். வேதியியலாளர் யூர்க் ஸிம்மர்மன். உயிரியல் சோதனைகளைப் பார்த்துக்கொண்டவர் எலிசபெத் புக்டுங்கர். அந்நாளில் இது உருப்படாத வேலை என்று துறையில் பலர் சொன்னார்கள். காரணம் வலுவானதுதான். மனித உடலில் ஐந்நூறுக்கு மேற்பட்ட கைனேஸ்கள் உண்டு. எல்லாமே ஏடிபியைப் பிடிக்கின்றன. ஏடிபி உட்காரும் குழிவு எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே சாயல். அந்தக் குழிவை அடைக்கும் மூலக்கூறு ஒன்றை அடைத்தால் ஐந்நூறையும் அடைக்கும். நோயாளி பிழைக்கமாட்டார் என்பது வாதம். இயற்கையில் கிடைத்த ஸ்டாரோஸ்போரின் என்ற பொருள் அப்படித்தான் எதையும் விடாமல் அடைத்தது.

ஸிம்மர்மன் குழு தொடங்கிய மூலக்கூறு, ஃபீனைல்அமினோபிரிமிடின் வகையைச் சேர்ந்தது. அதுகூட வேறொரு கைனேஸுக்காக, புரோட்டீன் கைனேஸ் சி என்பதற்காகக் கண்டெடுத்தது. அதன்மேல் அவர்கள் செய்த வேலையை மாணவர்கள் கவனிக்கவேண்டும். முதலில் ஒரு பென்சீன் வளையத்தில் அமைடு தொகுதியைச் சேர்த்தார்கள். டைரோசின் கைனேஸ்களைத் தடுக்கும் திறன் வந்தது. ஆனால் பழைய இலக்கையும் அது விடவில்லை. பிறகு இன்னொரு வளையத்தின் ஓரத்தில் ஒரே ஒரு மெத்தில் தொகுதி: ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன். அது இடித்துக்கொண்டு நின்றதால் மூலக்கூறு திருகிக்கொண்டது. திருகிய வடிவம் புரோட்டீன் கைனேஸ் சி-யில் நுழையவில்லை. ஏபிஎல்லில் முன்னைவிட நன்றாக நுழைந்தது. நான்கு அணுக்களால் வந்த வித்தியாசம் இது. வேதியியல் படிக்கிற பிள்ளைகள் சலிப்பு வரும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

இன்னும் ஒரு குறை. அந்தப் பொருள் தண்ணீரில் கரையவில்லை. கரையாதது குடலில் உறிஞ்சப்படாது, மாத்திரையாகாது. அதற்காக ஒரு கோடியில் மெத்தில்பைபரசீன் என்ற காரத் தொகுதியைக் கட்டினார்கள். நேராகக் கட்டினால் உடலில் அனிலீன் வகைப் பொருள் பிறந்து மரபணுவைக் கெடுக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தது. அதனால் நடுவே ஒரு கார்பன் இடைவெளி விட்டார்கள். புற்றுநோய்க்கு மருந்து செய்யப்போய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடாதே. இப்படி வந்ததுதான் பிற்பாடு இமாட்டினிப் என்று பெயர் பெற்றது.

பிரையன் டிரக்கர் என்ற மருத்துவர் இல்லாவிட்டால் அது அலமாரியிலேயே இருந்திருக்கும். 1993இல் அவர் போர்ட்லாந்தில் உள்ள ஒரிகான் மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். லைடனிடம் கேட்டுச் சில மூலக்கூறுகளை வாங்கினார். 1996இல் வெளியான அவர்களுடைய கட்டுரையின்படி, நோயாளிகளின் மஜ்ஜையிலிருந்து வளர்ந்த பிசிஆர்–ஏபிஎல் செல் கூட்டங்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டுக்கு மேல் அழிந்தன; நல்ல செல்கள் அப்படியே இருந்தன. ஆனால் இரத்தக்குழாய் வழியாகக் கொடுத்த நாய்களுக்கு இரத்தம் உறைந்தது. வாய்வழி, அதிக அளவில் கொடுத்த நாய்களுக்குக் கல்லீரல் கெட்டது. அதே ஆண்டில் சீபா–கைகி, சாண்டோஸ் நிறுவனத்துடன் இணைந்து நோவார்ட்டிஸ் ஆயிற்று. இணைப்புக் காலத்தில் இப்படிப்பட்ட திட்டங்களுக்கு என்ன கதி நேரும் என்று அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவிலேயே ஆண்டுக்குச் சில ஆயிரம் பேருக்குத்தான் புதிதாக வருகிற நோய், சந்தை சிறியது. டிரக்கர் விடாமல் நச்சரித்தார்.

1998 ஜூனில் முதல் மனிதச் சோதனை தொடங்கியது. டிரக்கருடன் லாஸ் ஏஞ்சலஸில் சார்லஸ் சாயர்ஸ், ஹூஸ்டனில் மோஷே தல்பாஸ். முதல்கட்டச் சோதனை என்பது பாதுகாப்பைப் பார்க்கத்தான். நோய் குறையும் என்று யாரும் பெரிதாக எதிர்பார்ப்பதில்லை. இன்டர்ஃபெரான் பலிக்காத நோயாளிகள் அவர்கள். நாளுக்கு 300 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் எடுத்துக்கொண்ட 54 பேரில் 53 பேருக்கு இரத்த எண்ணிக்கை இயல்புக்குத் திரும்பியது. புற்றுநோய் மருத்துவத்தில் இப்படி ஒரு கணக்கை யாரும் கண்டதில்லை. செய்தி பரவியதும் மருந்து போதவில்லை. 1999இல் கனடாவைச் சேர்ந்த ஒரு பெண் நோயாளி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு நிறுவனத் தலைவருக்கு மனு அனுப்பினார், உற்பத்தி கூட்டப்பட்டது. 2001 மே 10 அன்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மூன்று மாதத்துக்குள் பரிசீலித்து அனுமதி அளித்தது. பின்னர் 1,106 நோயாளிகளை வைத்து நடந்த பெரிய சோதனையில், இமாட்டினிப்பில் தொடங்கியவர்களில் பத்தாண்டுக்குப் பின் நூற்றுக்கு எண்பத்து மூன்று பேர் உயிரோடு இருந்தார்கள்.

பக்கவிளைவு இல்லையா? உண்டு. கண்ணைச் சுற்றி வீக்கம், கெண்டைக்கால் பிடிப்பு, குமட்டல், தோல் தடிப்பு. கர்ப்பிணிகளுக்கு ஆகாது. ஆனால் முடி கொட்டி வாய் புண்ணாகிக் கிடக்கும் பழைய கீமோவோடு ஒப்பிடும் சங்கதி அல்ல.

மருந்தை அணு அணுவாக வடிவமைத்தார்கள் என்று பாடநூல்களில் எழுதுகிறார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. ஏபிஎல் கைனேஸோடு இம்மருந்தின் நெருங்கிய மாற்றுரு ஒன்று எப்படி உட்காருகிறது என்ற படிக அமைப்பை ஜான் குரியன் குழு வெளியிட்டது 2000இல்; நோயாளிகள் மாத்திரை விழுங்கத் தொடங்கி இரண்டாண்டு ஆகிவிட்டது. அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் வியந்தார்கள். அது பிடித்திருந்தது வேலை செய்யும் ஏபிஎல்லை அல்ல, ஓய்ந்திருக்கும் நிலையில் உள்ள ஏபிஎல்லை. ஓய்வு நிலையில் கைனேஸ்களின் உள்ளமைப்பு ஒன்றுக்கொன்று அதிகம் வேறுபடுகிறது. அதனால்தான் ஐந்நூறில் ஒருசிலவற்றை மட்டும் இமாட்டினிப் தொடுகிறது. உருப்படாது என்று சொன்னவர்களின் வாதத்துக்கு விடை அங்கே இருந்தது. செய்தவர்களுக்கே அது பிற்பாடுதான் தெரிந்தது. கெட்டிக்காரத்தனமும் அதிர்ஷ்டமும் பாதிப் பாதி என்பது என் கணிப்பு.

அந்தப் படம் இன்னொன்றுக்கும் உதவியது. 2001இலேயே சாயர்ஸ் குழு, மருந்து பலிக்காமல்போன நோயாளிகளை ஆராய்ந்தது. ஏபிஎல்லின் 315ஆம் இடத்தில் திரியோனின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஐசோலூசின் வந்திருந்தது. மருந்து பற்றிக்கொள்ளும் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு போயிற்று. ஐசோலூசினின் பருத்த உடம்பு வழியையும் மறித்தது. கைனேஸ் வேலை செய்கிறது, மருந்து நுழையவில்லை. இதற்குப் பின் நடந்ததுதான் சரியான பொருளில் வடிவமைப்பு. 2006இல் டாசாட்டினிப், 2007இல் நிலோட்டினிப். இவை மற்ற பல மாற்றங்களை வென்றன, 315ஐ வெல்லவில்லை. அந்த இடத்தில் பருமனே இல்லாமல் நழுவிச் செல்ல, கார்பன்–கார்பன் முப்பிணைப்பு ஒன்றை வைத்துச் செய்த போனாட்டினிப் 2012இல் வந்தது. அது வென்றது, ஆனால் இரத்தக்குழாய் அடைப்பு அதிகமாகத் தெரிந்ததால் அடுத்த ஆண்டே அமெரிக்காவில் சில காலம் விற்பனையை நிறுத்த நேர்ந்தது. 2021இல் வந்த அசிமினிப், ஏடிபிக் குழிவை விட்டுவிட்டு வேறொரு குழிவில் போய் உட்கார்கிறது.

இமாட்டினிப் வந்த உற்சாகத்தில், எல்லாப் புற்றுநோய்க்கும் இப்படி ஒரு மாத்திரை வரும் என்று பேசினார்கள். வரவில்லை. சி.எம்.எல். ஆரம்ப நிலையில் ஏறத்தாழ ஒரே பிழையைச் சார்ந்து நிற்கிற நோய். நுரையீரலிலோ கணையத்திலோ வரும் கட்டிகளில் பிழைகள் பல. ஒன்றை அடைத்தால் மற்றொன்று வழிவிடும். நுரையீரல் புற்றுக்கு ஜெஃபிட்டினிப் 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பத்தில் ஒருவருக்குக் கட்டி கரைந்தது. மற்றவர்களுக்குப் பெரிதாகப் பலனில்லை. யாருக்குப் பலிக்கிறது என்பதற்கு விடை 2004இல் வந்தது: ஈஜிஎஃப்ஆர் மரபணுவில் குறிப்பிட்ட மாற்றம் உள்ளவர்களுக்கு. அங்கே மருந்து முந்திக்கொண்டது, குறி பின்னால் வந்தது. இடையில் எத்தனையோ பேர் தமக்கு உதவாத மாத்திரையை விழுங்கினார்கள். கே–ராஸ் என்ற புற்றுநோய்ப் புரதமோ குறி தெரிந்து முப்பதாண்டு ஆகியும் மருந்து உட்காரக் குழிவே இல்லாத வழவழப்பான பண்டம் என்று கைவிடப்பட்டது. 2013இல் கெவன் ஷோகட் குழு அதன் ஒரு மாற்றுருவில் ஒளிந்திருந்த குழிவைக் காட்டியது. 2021இல் அதற்கான மருந்து சோட்டோராசிப் வந்தது.

இனி விலை. நினைவில் வைக்கச் சொன்னேனே, அதற்கு வருகிறேன். இதில் நம்ம சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. இமாட்டினிப்பின் உப்பான மெசிலேட்டின் பீட்டா என்ற படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு நோவார்ட்டிஸ் 1998 ஜூலையில் விண்ணப்பித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான். மூல மூலக்கூறுக்கு இந்தியாவில் காப்புரிமை கிடையாது. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரும் சட்டம் இங்கே மறுபடி வந்ததே 2005இல்தான். அந்தத் திருத்தத்தில் 3(டி) என்று ஒரு பிரிவு. தெரிந்த பொருளின் புது வடிவத்துக்குக் காப்புரிமை வேண்டுமானால் அதன் செயல்திறன் கூடியிருக்கிறது என்று காட்டவேண்டும். 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை மறுத்தது. பிரிவே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. நீதிபதிகள் ஆர். பாலசுப்ரமணியனும் பிரபா ஸ்ரீதேவனும் 2007 ஆகஸ்டில் அதைத் தள்ளுபடி செய்தார்கள். கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம், மருந்தில் செயல்திறன் என்பது நோயைக் குணப்படுத்தும் திறன்தான், உடலில் முப்பது சதவீதம் கூடுதலாக உறிஞ்சப்படுவது மட்டும் போதாது என்று முடித்தது. மாதம் சுமார் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் விலை சொல்லப்பட்ட மருந்து, இந்திய நிறுவனங்களின் தயாரிப்பாக எட்டாயிரம், பத்தாயிரத்துக்குக் கிடைத்து வந்தது. அது தொடர வழி பிறந்தது. நோவார்ட்டிஸ் நம் நாட்டில் பல நோயாளிகளுக்கு இலவசமாகவும் கொடுத்தது, அதையும் சொல்லவேண்டும். ஆனால் நன்கொடை வேறு, நியாய விலை வேறு.

ஆராய்ச்சிச் செலவை மீட்கவேண்டாமா என்று கேட்பார்கள். மீட்கட்டும். ஆனால் அமெரிக்காவில் 2001இல் ஆண்டுக்குச் சுமார் 30,000 டாலராக இருந்த அதே மாத்திரை 2012இல் 92,000 டாலர் ஆனது. இடையில் மூலக்கூறில் ஓர் அணுகூட மாறவில்லை. 2013இல் நூற்றுக்கு மேற்பட்ட சி.எம்.எல். மருத்துவர்கள் இதைக் கண்டித்து ஒரு மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார்கள். டிரக்கரும் அவர்களில் ஒருவர். குறியைக் கண்டுபிடிக்க முப்பதாண்டு செலவழித்தது பெரும்பாலும் பொதுப் பணம். கணக்குப் பார்ப்பதென்றால் அந்த வரவையும் ஏட்டில் எழுதிப் பார்க்கவேண்டும் என்பது என் கருத்து.

முடிக்கும் முன் நடைமுறையாக இரண்டு வார்த்தை. சி.எம்.எல்.லுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் உங்கள் வீட்டில் இருந்தால், உடம்பு நன்றாகிவிட்டது என்று அவராக நிறுத்தவிடாதீர்கள். பிரான்ஸில் நடந்த சோதனையில், இரண்டாண்டு நோயின் சுவடே பரிசோதனையில் தெரியாதவர்களைக் கண்காணிப்போடு நிறுத்தச் சொன்னபோதுகூட, பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஓராண்டுக்குள் நோய் திரும்பியது. இன்னொன்று: இன்று இலக்கு மருந்து என்ற பெயரில் விலையுயர்ந்த மருந்துகள் பல எழுதப்படுகின்றன. அப்படி எழுதினால் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்: "இந்த மருந்துக்கு உரிய மாற்றம் எங்கள் நோயாளியின் செல்லில் இருக்கிறது என்று பரிசோதித்தாயிற்றா, அறிக்கை எங்கே?" நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ளமாட்டார், அறிக்கையை எடுத்துக் காட்டுவார்.